பேஸ் ஆம்ப் குமிழ்கள் உடைந்துவிட்டன: எதைப் பார்த்து வாங்குவது?

நாலுகம்பி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண விருந்து, தமிழ்ப்பள்ளி நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று பெரும்பாலும் எங்கள் வட்டாரத்தில்தான் வாசிப்போம். என்னிடம் இருப்பது 15 அங்குல ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கிற காம்போ ஆம்ப், டிரான்சிஸ்டர் வகை. பழையது, ஆனால் அதன் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். போன திருவிழா முடிந்து லாரியில் ஏற்றி வரும்போது, செம்பனைக் காட்டு மண்சாலையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி நழுவி வந்து ஆம்பின் முகப்பில் மோதிவிட்டது.

வால்யூம் குமிழ் இரண்டாகப் பிளந்துவிட்டது. நடுத்தர ஒலிக்கான மிட் குமிழ் எங்கேயோ விழுந்துவிட்டது, மொட்டைத் தண்டுதான் நிற்கிறது. மேல் ஒலிக்கான ட்ரெபிள் குமிழ் இருக்கிறது, ஆனால் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறது. அடி ஒலிக்கான பேஸ் குமிழ் மட்டும் உடையவில்லை, கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. இப்போதைக்குப் பிளையரை வைத்துத் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈப்போவில் ஒரு கடையில் கேட்டேன். ஒரு தட்டு நிறைய குமிழ்களை எடுத்துக் காட்டினார்கள், ஆனால் தண்டைப் பார்க்காமல் எது பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இணையத்தில் தேடினால் 6 மி.மீ., கால் அங்குலம், 18 பல், 24 பல், டி தண்டு என்று என்னென்னவோ வருகிறது. அடுத்த மாதம் ஒரு கல்யாண விருந்து ஒப்புக்கொண்டிருக்கிறோம். யாராவது வழி சொல்லுங்கள்.

ரேடியோக்கடை, தைப்பிங்

தம்பி, முதலில் அந்தப் பிளையரை ஓரமாக வையுங்கள். குமிழ் சில வெள்ளிக்குக் கிடைக்கும். தண்டின் பல் தேய்ந்துவிட்டால் எந்தக் குமிழும் அதில் நிற்காது, அப்புறம் உள்ளே இருக்கிற, தண்டைத் திருப்பினால் மின்தடையை மாற்றுகிற பொட்டென்ஷியோமீட்டரையே மாற்ற வேண்டி வரும். கடைகளில் அதைக் கண்ட்ரோல் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அதுவரைக்கும் திருப்பியே ஆக வேண்டும் என்றால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டித் தண்டில் சுற்றி, விரலால் திருப்புங்கள்.

ஈப்போ கடைக்காரர் சொன்னது சரி. குமிழின் அழகையும் அளவையும் பிறகு பார்க்கலாம், தண்டுதான் முதலில். ஆம்புகளில் மூன்று மாதிரித் தண்டு அதிகம் புழங்குகிறது. முழு வட்டமாக வழவழவென்று இருந்தால், பக்கவாட்டில் சின்னத் திருகு வைத்த குமிழ் வேண்டும். ஒரு பக்கம் சீவிவிட்டது போல் தட்டையாக இருந்தால் அதுதான் டி தண்டு. சுற்றிலும் பல் வெட்டி, நடுவில் பிளவு விட்டிருந்தால் அழுத்தி மாட்டுகிற குமிழ். ஆசியத் தயாரிப்புகளில் இந்தக் கடைசி வகைதான் அதிகம் பார்த்திருக்கிறேன்: 6 மி.மீ. கனம், 18 பல். அமெரிக்கப் பாகங்களில் 24 பல் வரும், பல் நெருக்கமாக இருக்கும். வழவழத் தண்டு அமெரிக்க அளவில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.

6க்கும் 6.35க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. வெர்னியர் காலிப்பர் இருக்கிறவர் யாரிடமாவது கொண்டுபோய் அளந்துவிடுங்கள், மோட்டார் சைக்கிள் பட்டறையில் கட்டாயம் இருக்கும். சின்ன ஓட்டைக் குமிழைப் பெரிய தண்டில் அடித்து இறக்கினால் வெடிக்கும். பெரிய ஓட்டைக் குமிழைச் சின்னத் தண்டில் போட்டால் ஆடும். 24 பல் குமிழை 18 பல் தண்டில் அழுத்தினால் முதல் நாள் நிற்பது போலத் தெரியும், பிறகு உள்வளையம் பிளந்துவிடும்.

இன்னொன்று. பேஸ் குமிழ் உடையவில்லை, சாய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. உடைந்த குமிழ்கள் அடியைத் தாங்களே வாங்கிக்கொண்டு போய்விட்டன. உடையாத குமிழ் அந்த அடியை அப்படியே உள்ளே அனுப்பியிருக்கும். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு முதலில் அதைக் கழற்றித் தண்டைப் பாருங்கள்.

நாலுகம்பி, சுங்கை சிப்புட்

அண்ணே, ரொம்ப நன்றி. பிளையரை வைத்துவிட்டேன். மிட் தண்டின் பல்லை எண்ணிப் பார்த்தேன், 18தான். நடுவில் பிளவு இருக்கிறது, உலோகத் தண்டு. அளவு 6 மி.மீ. பேஸ் குமிழைத்தான் கழற்ற முடியவில்லை, இழுத்தால் அசையவே மாட்டேன் என்கிறது.

உறுமிக்காரன், பீடோர்

ஸ்க்ரூடிரைவரைக் கீழே கொடுத்து நெம்புங்கள், வந்துவிடும்.

ஈயவாசம், கிள்ளான்

நெம்ப வேண்டாம். முகப்புத் தகட்டில் பெயின்ட் பெயர்ந்து எழுத்து அழிந்துவிடும். தண்டு ஏற்கெனவே வளைந்திருந்தால் ஒரு பக்கமாகக் கொடுக்கிற அழுத்தம் அதை முறித்தே விடும்.

முதலில் குமிழின் பக்கவாட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். தூசிக்குள் சின்னத் திருகு ஒளிந்திருக்கலாம். இருந்தால் 1.5 அல்லது 2 மி.மீ. அலன் கீ போதும், அமெரிக்கக் குமிழ் என்றால் அங்குல அளவு வேண்டும். திருகு இல்லை என்றால் பழைய வேட்டியிலோ கைலியிலோ விரலகலத்துக்கு ஒரு துணி கிழித்து, குமிழுக்கும் தகட்டுக்கும் நடுவே செலுத்தி, குமிழைச் சுற்றி இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து நேராக இழுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுபடும். ஷூ கயிற்றாலும் செய்யலாம், ஆனால் துணி குமிழில் கீறல் போடாது. பல வருஷ அழுக்கு இறுகியிருந்தால் கொஞ்சம் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். உங்கள் ஆம்பில் தண்டு வளைந்திருக்கலாம் என்பதால் ஆட்டாமல் நேராகவே இழுங்கள்.

நாலுகம்பி, சுங்கை சிப்புட்

வந்துவிட்டது! திருகு எதுவும் இல்லை, கைலித் துணியில்தான் இழுத்தேன். ரேடியோக்கடை அண்ணன் சொன்னது போலவே தண்டு வளைந்திருக்கிறது. திருப்பும்போது தண்டின் நுனி ஒரு வட்டம் போடுகிறது. ஆம்பைப் போட்டு அந்தத் தண்டை லேசாகப் பக்கவாட்டில் தொட்டால் கரகரவென்று சத்தம், சில நேரம் ஒலியே விட்டு விட்டு வருகிறது.

ட்ரெபிள் குமிழையும் கழற்றிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே தண்டைப் பிடிக்கிற வளையம் நெடுக்காகக் கீறியிருக்கிறது. அதனால்தான் சுற்றுகிறது போல.

உறுமிக்காரன், பீடோர்

ட்ரெபிளுக்கு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு மாட்டிவிட்டால் போதுமே. எங்கள் மேளத்து ஆட்கள் மிக்ஸரில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இன்னும் ஓடுகிறது.

ஈயவாசம், கிள்ளான்

அண்ணே, அந்தப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். தண்டோடு சேர்த்து ஒட்டினால் அது தண்டு வழியே இறங்கி, கண்ட்ரோலின் கழுத்துக்குள் போய் இறுகிவிடும். அப்புறம் திருப்பவே முடியாது. அப்படிக் கெட்டிப்பட்ட கண்ட்ரோல்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. இன்னொரு நாள் ஆம்பைத் திறக்க வேண்டி வந்தாலும் குமிழ் கழன்றால்தான் முன் தகட்டைக் கழற்ற முடியும்.

குமிழைத் தனியாகக் கையில் வைத்துச் சரிசெய்வதில் தப்பில்லை. இரண்டு பாகம் கலக்கிற எப்பாக்ஸி எடுத்து, கீறின வளையத்தின் வெளிப்புறத்தில் மட்டும் பூசி, தையல் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்து ஓர் இரவு விடுங்கள். நூல்தான் உண்மையில் பிடிக்கிறது, எப்பாக்ஸி அந்த நூலை நகரவிடாமல் வைக்கிறது. குமிழின் உட்பக்கம் இடம் குறைவாக இருந்தால் நூலுக்குப் பதில் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு துண்டு போடலாம். காய்ந்த பிறகு கொஞ்சம் தளர்ச்சி தெரிந்தால் குழாய் வேலைக்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள்.

தளர்ச்சி குமிழில் இல்லாமல் தண்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிளவு விட்ட தண்டின் இரண்டு பாதியும் நெருங்கிப்போயிருந்தால் மெல்லிய கத்தி முனையைப் பிளவில் வைத்து லேசாக விரிக்கலாம். உலோகத் தண்டில் மட்டும்தான் இது. பிளாஸ்டிக் தண்டில் செய்தால் பாதி கையோடு வந்துவிடும்.

செம்பனைச்சாலை, கோலகங்சார்

அண்ணே, நான் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன், வீட்டில் 3டி பிரிண்டர் வைத்திருக்கிறேன். காணாமல் போன மிட் குமிழை மற்றதைப் பார்த்து அளந்து அச்சிட்டுவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். எல்லாரும் முதலில் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மத்தியான வெயிலில் கண்ணாடி மூடிய வேனில் கறுப்புக் குமிழ் அந்தச் சூட்டை நெருங்கிவிடும், தண்டைப் பிடிக்கிற ஓட்டை விரிந்துபோகும். பிஇடிஜி என்றால் 80 வரை தாங்கும், ஏபிஎஸ் அதற்கும் மேலே.

18 பல்லையும் அச்சில் கொண்டுவர முயன்றால் சரியாக வராது, பல் அவ்வளவு நுணுக்கம். வழவழ ஓட்டையாக 5.9 மி.மீ.க்கு அச்சிட்டு, தண்டின் பல்லே அதில் கடித்துப் பதியும்படி விடுவது என் வழக்கம். அழுத்தி மாட்டும்போது சுவர் பிளக்கலாம், அதனால் உள்வளையத்தை 2 மி.மீ.க்குக் குறையாமல் தடிப்பாக வைக்க வேண்டும்.

ரேடியோக்கடை, தைப்பிங்

தங்கச்சி நல்ல விஷயம் சொன்னீர்கள். வெயில் கணக்கு எனக்குத் தோன்றியிருக்காது.

முன்வரிசை, ஈப்போ

ஒரு வார்த்தை. ஒரே ஒரு குமிழை மட்டும் தேடி அலையாதீர்கள். நாலையும் சேர்த்து ஒரே மாதிரி புதிதாகப் போட்டுவிடுங்கள், அதிலும் கோழித்தலை மாதிரி போடுங்கள். மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்தில் இருந்தே எங்கே காட்டுகிறது என்று தெரியும். கோயில் திருவிழாவில் நமக்கு என்ன மேடை விளக்கா போடுகிறார்கள்? வண்ண விளக்கு சுற்றிச் சுற்றி அடிக்கிறது, ஒரு நிமிஷம் சிவப்பு, ஒரு நிமிஷம் இருட்டு. வட்டக் குமிழில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் பாதி அழிந்திருக்கும். குனிந்து கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்க்கிற வேளையில் பாட்டு முடிந்துவிடுகிறது. கோழித்தலை என்றால் விரலால் தடவினாலே எத்தனை மணி நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஈயவாசம், கிள்ளான்

முன்வரிசை அண்ணே, தெரிவதில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தம்பியின் ஆம்ப் லாரியில் போகிற ஆம்ப். நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கில்தான் அடுத்த பெட்டி இடிக்கும். அப்போது மூக்கு நெம்புகோலாக நின்று தண்டைத் திருகிவிடும், கண்ட்ரோல் கடைசி நிலையைத் தாண்டி உள்ளே முறியும். குட்டையான, ஓரம் வளைந்த குமிழ் அடியை வழுக்கிவிடுகிறது. கோடு தெரிய வேண்டும் என்றால் வெள்ளை எனாமல் பெயின்டைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு அந்தப் பள்ளத்தில் நிரப்பித் துடைத்துவிடுங்கள். புத்தகக் கடைகளில் பெயின்ட் பேனாவாகவே கிடைக்கிறது.

முன்வரிசை, ஈப்போ

விளக்கு அணைந்தால் பெயின்ட் தெரியாது, மூக்கு தெரியும். இருட்டில் விரலுக்குத் தெரிகிற குமிழ்தான் வாசிக்கிறவனுக்கு உதவி. லாரியில் இடிக்கிறது என்றால் ஆம்புக்கு ஒரு மூடி செய்ய வேண்டும், அதற்காகக் குமிழைச் சின்னதாக்கக் கூடாது.

ரேடியோக்கடை, தைப்பிங்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் தம்பி, வால்யூமுக்கு மட்டும் மூக்கு வைத்தது போடுங்கள், நிகழ்ச்சி நடுவே தொடுவது அது ஒன்றுதான். மற்ற மூன்றும் குட்டையாக இருக்கட்டும். வாங்குவதற்கு முன் இரண்டு தண்டுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள், மூக்கு சுற்றி வரும்போது பக்கத்துக் குமிழில் இடிக்கக் கூடாது. பழைய ஆம்பின் அசல் முகம் கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். கழற்றின பழையதை மட்டும் தூக்கிப் போடாமல் ஒரு பொட்டலத்தில் கட்டி ஆம்பின் பின்பக்கம் ஒட்டி வைத்தால் பின்னால் யாருக்காவது உதவும்.

இப்போது பேஸ் கண்ட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் பெரிய வேலை.

முதலில் பாதுகாப்பு. நம் நாட்டில் சுவர் மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டாலும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உங்களுடையது டிரான்சிஸ்டர் ஆம்ப், அதில் பல பத்து வோல்ட் இருக்கும். புதிய எடை குறைந்த கிளாஸ் டி ஆம்புகளில் சுவர் மின்சாரத்தை நேரடியாக நேர் மின்சாரமாக்கி வைத்திருப்பார்கள், அங்கே 300 வோல்ட்டுக்கு மேல். வால்வ் ஆம்ப் என்றால் அதற்கும் மேலே போகும். கிளாஸ் டி, வால்வ் இரண்டையும் பழகின ஆளிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுடையதைத் திறப்பதென்றால் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மல்டிமீட்டரை நேர் மின் வோல்ட்டில் வைத்து அந்தக் கெப்பாசிட்டர்களின் இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். இன்னும் இருந்தால் சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட பிடியோடு வைத்து வடிய விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்கவிடுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

பிறகு முன் தகட்டில் கண்ட்ரோலைப் பிடித்திருக்கிற நட்டைக் கழற்றுங்கள். சின்னக் கண்ட்ரோல்களுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பெனர் சேரும். அதற்கு முன்னால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எங்கே போகிறது என்று. கண்ட்ரோல்கள் மாட்டியிருக்கிற சர்க்யூட் பலகையை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். அடிபட்ட கண்ட்ரோலின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிசாக ஒரு வட்டக் கீறல் தெரியும், பூதக்கண்ணாடி வைத்தால் நன்றாகத் தெரியும். ஒலி விட்டு விட்டு வருவதற்குப் பல நேரம் அதுவே காரணம். தண்டு நேராக இருந்திருந்தால் அந்த ஈயத்தை மட்டும் மறுபடி உருக்கி, கொஞ்சம் புது ஈயம் விட்டால் முடிந்தது. உங்கள் தண்டு வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தாதீர்கள், உள்ளே கரிப் பட்டையின் மேல் ஓடுகிற விரல் கோணலாகவே ஓடும். மாற்றிவிடுங்கள்.

கண்ட்ரோலின் உடம்பில் ஓர் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

நாலுகம்பி, சுங்கை சிப்புட்

மீட்டரில் கெப்பாசிட்டர் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது, அதற்குப் பிறகுதான் தொட்டேன். நீங்கள் சொன்ன வட்டக் கீறல் இரண்டு காலில் இருக்கிறது. எழுத்து பி100கே. வால்யூமில் ஏ10கே என்று இருக்கிறது. கடையில் ஏ100கே உடனே கிடைக்கும் என்கிறார்கள், பி வர நாளாகுமாம். ஏ வாங்கிவிடலாமா?

ரேடியோக்கடை, தைப்பிங்

வேண்டாம் தம்பி, பி வரும் வரை பொறுங்கள். 100கே என்பது மொத்தத் தடை, ஒரு லட்சம் ஓம். எழுத்துதான் அந்தத் தடை திருப்பத் திருப்ப எப்படி மாறுகிறது என்று சொல்கிறது. இன்றைய ஆசியத் தயாரிப்புகளில் பி என்றால் சீராக ஏறும், பாதி திருப்பினால் பாதித் தடை. ஏ என்றால் முதல் பாதியில் மெல்ல ஏறி, பிறகு வேகமாக ஏறும், நடுவில் நிற்கும்போது மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடுதான் இருக்கும். நம் காது சத்தத்தைக் கேட்கிற முறைக்கு அது ஒத்துப்போவதால் வால்யூமுக்கு ஏ போடுகிறார்கள்.

டோன் கண்ட்ரோல் வேறு. பீட்டர் பாக்ஸண்டல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் வெளியிட்ட சுற்றின் வழியில்தான் இன்றைக்கும் எத்தனையோ ஆம்புகளில் பேஸ், ட்ரெபிள் இரண்டும் ஓடுகின்றன. அதில் கண்ட்ரோல் நடுவில் இருக்கும்போது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு பக்கம் போனால் கூடும், மறுபக்கம் போனால் குறையும். அந்த நடு நடுவாக இருப்பதற்குத்தான் சீராக ஏறுகிற பி. அங்கே ஏ மாட்டினால் குமிழ் நேராக மேலே பார்க்கும்போதே பேஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், திருப்புகிற தூரத்தின் கடைசிக் கொஞ்சத்தில்தான் எல்லா மாற்றமும் நடக்கும். மேடையில் சரிசெய்யவே முடியாது.

பழைய ஐரோப்பியச் சாமான்களில் இந்த ஏ, பி எழுத்துகள் வேறு முறையில் இருக்கும், அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஓரத்துக் கால் இரண்டையும் தொட்டால் மொத்தத் தடை வரும், இருபது விழுக்காடு கூடக் குறைய இருப்பது சகஜம். பிறகு தண்டை நடுவில் வைத்து, நடுக்காலையும் ஓர் ஓரக்காலையும் தொட்டால் பாதிக்குப் பக்கமாக வர வேண்டும். பலகையில் இருக்கும்போது அளக்காதீர்கள், மற்ற பாகங்கள் கணக்கைக் குழப்பும். வாங்கும்போது தண்டு நீளம், கால்களின் இடைவெளி, பழையதில் நடுவில் ஒரு க்ளிக் இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் ஜாலான் பாசாரில் சொல்லி வாங்கலாம், மின்னணுப் பாகங்களுக்கு அந்தத் தெருதான்.

ஈயவாசம், கிள்ளான்

கழற்றும்போது ஒரு யோசனை. எப்படியும் தூக்கிப் போடப் போகிற கண்ட்ரோல்தான், அதனால் மூன்று காலையும் ஒரே நேரத்தில் உருக்கி இழுக்கப் பார்க்காதீர்கள். அப்படி இழுத்துத்தான் பலகையின் செம்புப் பாதை உரிந்து வருகிறது. கட்டரால் கால்களைத் தனித்தனியாக வெட்டி கண்ட்ரோலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுங்கள். ஓட்டையில் தங்கின ஈயத்தைச் செம்புப் பின்னல் நாடா உறிஞ்சிவிடும். புதியதை வைக்கும்போது முதலில் முன் தகட்டில் நட்டைக் கையளவு இறுக்கி நேராக நிறுத்தி, அதன் பிறகு ஈயம் வையுங்கள். முதலில் ஈயம் வைத்துவிட்டுப் பிறகு நட்டை இறுக்கினால் அந்த இழுவை முழுக்கக் கால்களில் விழும், மறுபடி வட்டக் கீறல்.

நாலுகம்பி, சுங்கை சிப்புட்

பி100கே வந்துவிட்டது, மாட்டியாகிவிட்டது. பக்கவாட்டில் தொட்டாலும் இப்போது கரகரப்பு இல்லை, ஒலியும் விட்டு விட்டு வரவில்லை. ட்ரெபிள் குமிழ் நூல் கட்டின எப்பாக்ஸியில் கெட்டியாக நிற்கிறது. மிட் குமிழைக் கோலகங்சார் தங்கை பிஇடிஜியில் அச்சிட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. வால்யூமுக்குக் கோழித்தலை போட்டேன். முன்வரிசை அண்ணே, நீங்கள் சொன்னது சரிதான், இருட்டில் கை தானாகப் போகிறது.

இரண்டு சந்தேகம். ட்ரெபிளைத் திருப்பும்போது மட்டும் சரசரவென்று ஒரு சத்தம். வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது, அடிக்கலாமா? அப்புறம், வால்யூம் குமிழில் திருகு இருக்கிறது, என் தண்டு பிளவுத் தண்டு. இறுக்கினால் கழன்று கழன்று வருகிறது.

ஈயவாசம், கிள்ளான்

சாதாரண நீல டப்பா டபிள்யூடி-40 வேண்டாம். அது விட்டுப்போகிற எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின் இணைப்புகளுக்கு என்று தனியாக விற்கிற காண்டாக்ட் க்ளீனர் வாங்கி, கண்ட்ரோலின் கால்களுக்கு மேலே இருக்கிற இடுக்கில் கொஞ்சமாக அடித்து, முழுக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பல முறை திருப்புங்கள். காய்ந்த பிறகுதான் ஆம்பைப் போட வேண்டும். சுத்தம் செய்த பிறகும் சரசரப்பு அப்படியே இருந்தால் கண்ட்ரோலின் கரிப் பட்டை தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் அதற்கு முன்னால் நேர் மின்சாரத்தைத் தடுப்பதற்காக இருக்கிற கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து அதை உள்ளே விடலாம்.

திருகுக் குமிழ் பிளவுத் தண்டில் கழல்வது இயல்பு, இறுக்க இறுக்க இரண்டு பாதியும் நெருங்கிக்கொண்டே போகும். பிளவுக்குள் அடங்குகிற அளவில் மெல்லிய பித்தளைத் தகடு ஒரு துண்டு வைத்து நிரப்புங்கள். திருகு பிளவின் மேல் விழாமல், தண்டின் கெட்டியான முதுகில் விழும்படி கண்ட்ரோலின் நிலையைப் பார்த்து மாட்டுங்கள். கோழித்தலையின் மூக்கு இடது கடைசியில் கடிகாரத்தின் ஏழு மணிப் பக்கம் நிற்க வேண்டும், இரண்டும் ஒத்துவராவிட்டால் பித்தளைக் குழல் ஒன்று தண்டில் போட்டு அதன் மேல் குமிழை மாட்டலாம். திருகின் மரையில் நகப்பூச்சு ஒரு துளி. பேஸ் கித்தாரின் அடிக்கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, காம்போவில் அந்த அதிர்வு முழுக்கப் பெட்டியிலேயே ஓடுகிறது, பூட்டாத திருகு எதுவும் அதில் நிற்காது. குமிழின் அடிப்பக்கம் தகட்டில் உரசாமல் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு இறுக்குங்கள்.

முன்வரிசை, ஈப்போ

லாரிக்கு மூடி செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள் தம்பி. அரை அங்குலப் பலகையில் முகப்பை மூடுகிற அளவுக்கு ஒரு சட்டம், குமிழ் வருகிற இடத்தில் குழி, உள்ளே பஞ்சு ரப்பர், இரண்டு பக்கம் கொக்கி. தச்சர் யாராவது அரை நாளில் செய்து கொடுப்பார். லாரியில் ஏற்றும்போது முகப்பு ஓட்டுநர் பக்கத்துத் தகட்டைப் பார்த்து இருக்கட்டும்.

உறுமிக்காரன், பீடோர்

இவ்வளவு நாள் சூப்பர் க்ளூ போதும் என்று நினைத்திருந்த எங்கள் ஆட்களிடம் இந்த இழையைக் காட்டினேன். ஒரு கேள்வி: எங்கள் மிக்ஸரில் ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரின் தொப்பிகள் நாலைந்து போய்விட்டன. அதற்கும் பல் எண்ண வேண்டுமா?

ரேடியோக்கடை, தைப்பிங்

அதில் பல் கிடையாது அண்ணே, தட்டையான நாக்குதான். நாக்கின் அகலத்தையும் தடிப்பையும் அளந்து எழுதுங்கள். 4 மி.மீ., 8 மி.மீ. அகலம் இரண்டும் பரவலாக வருகின்றன, தொப்பியின் ஓட்டை அதற்குச் சரியாக இருக்க வேண்டும். தொப்பி இல்லாத நாக்குகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், கரகரப்பு இருந்தால் முதலில் க்ளீனர். ஸ்லைடரையே மாற்ற வேண்டி வந்தால் அதன் மேல் இருக்கிற எழுத்தையும் பாருங்கள். ஈக்வலைசர்களில் டபிள்யூ என்று ஒரு வகை வரும், அங்கே பி போட்டால் நடுப்பக்கத்தில் அசைவே தெரியாது, ஓரத்தில் எல்லாம் ஒன்றாகக் கொட்டும்.